இணையத்தில் ஸ்கிரிப்ட்டைத் தடுப்பது நலமா?

நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகளுக்கு இணையம் இன்று புதியதன்று. குன்னூர் தேயிலை ஏலம் கணினி வழியே நடைபெறுகின்றது. விலை நிலவரம் அறியவும், வங்கிக் கணக்கைப் பார்க்கவும் அங்கத்தினர் பலர் கைப்பேசியையே நாடுகின்றனர். ஆகவே, பாதுகாப்பின் பொருட்டு ஸ்கிரிப்ட்டுகளைத் தடுக்க வேண்டுமா என்னும் கேள்வி நமக்கும் உரியதேயாம்.

ஸ்கிரிப்ட் என்பது யாது? இணையப் பக்கத்தோடு வந்து, நம் கணினியிலேயே இயங்கும் கட்டளைத் தொகுப்பாகும். இதற்கான ஜாவாஸ்கிரிப்ட் மொழியை 1995-ல் பிரெண்டன் ஐக் அமைத்தார். படிவத்திலுள்ள பிழையை உடனே காட்டுவதும், விலைப்பட்டியலை அவ்வப்போது மாற்றுவதும் இதன் நற்பணிகள். ஆனால், நாம் நாடிச் செல்வது ஒரு தளத்தை; அதன் வழியே நுழைபவையோ விளம்பரக் கம்பெனிகள் முதலிய பலருடைய ஸ்கிரிப்ட்டுகள்.

இதனால் விளையும் தீங்கு கற்பனையன்று. எழுத்தைப் படித்துக் காட்டும் 'பிரவுஸ்அலவுட்' என்னும் பிரிட்டிஷ் ஸ்கிரிப்ட்டில் 2018 பிப்ரவரியில் விஷமிகள் கை வைத்தனர். அதைப் பயன்படுத்திய 4,000-க்கும் மேற்பட்ட தளங்களைப் பார்வையிட்டோரின் கணினிகள், அவர்கள் அறியாமலே பிறருக்கு மின்நாணயம் ஈட்டித் தர உழைத்தன. அதே ஆண்டில் திருப்பதி மாநகராட்சித் தளம் உட்பட ஆந்திர அரசுத் தளங்கள் சிலவற்றிலும் இத்தகைய ஸ்கிரிப்ட் கண்டறியப்பட்டது.

அவ்வாறாயின் அனைத்தையும் தடுத்துவிடலாமே எனின், அது எளிதன்று. ஸ்கிரிப்ட் இன்றி வங்கித் தளங்களும் அரசுப் படிவங்களும் பெரும்பாலும் இயங்கமாட்டா. தொல்லை தாளாத எழுத்தர் எல்லாவற்றிற்கும் அனுமதி அளித்துவிடுவாராயின், பூட்டு இருந்தும் பயனில்லை. மேலும், 2018-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே கள்ள ஸ்கிரிப்ட் புகுந்து, வாடிக்கையாளர்களின் அட்டை விவரங்களைக் கவர்ந்தது. நம்பிக்கைக்குரிய தளம் என அனுமதித்திருந்தோருக்கு அங்கே தடுப்பு உதவியிராது.

எனவே இடமறிந்து செயற்படுதலே முறை. சங்கத்தின் பணம் புழங்கும் கணினியில், முதலில் யாவற்றையும் தடுத்து, வங்கி, ஏலம், அரசுத் தளங்கள் ஆகியவற்றை மட்டும் ஒவ்வொன்றாக அனுமதிக்கலாம். தொழிற்சாலை வாயிலில் கொழுந்தைப் பார்த்து ஏற்பது போன்றதே இது. ஃபயர்பாக்ஸ் உலாவியில் 2005 முதல் வழங்கும் 'நோஸ்கிரிப்ட்' இதற்கு உதவும். குரோம் உலாவியின் அமைப்புகளிலும் இவ்வசதி உண்டு. அனுமதித்த தளங்களின் பட்டியலைச் செயலாளர் தம் கையில் வைத்திருத்தல் வேண்டும். அக்கணினியில் வேடிக்கைத் தளங்களைத் திறத்தல் ஆகாது.

அங்கத்தினரின் கைப்பேசிக்கு இவ்வளவு கட்டுப்பாடு தேவையில்லை. உலாவியை அவ்வப்போது புதுப்பித்தலும், அறியாத இணைப்புகளைத் தொடாதிருத்தலும் முதற்கடமை. பணம் பறிபோனால் காலந்தாழ்த்தாது 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தல் வேண்டும்.

பலருடைய உழைப்பு சேர்ந்ததே சங்கத்தின் பணம். ஒரு கணினியின் கவனக்குறைவால் அது கரைய இடந்தரலாகாது.