ஈரக் காற்றும் வீணையின் சுருதியும்

களத்தில் காயும் நெல்லில் ஒரு மணியை எடுத்துக் கடித்து ஈரம் பார்ப்பது காவிரிப் படுகை உழவர்தம் வழக்கம். கொள்முதல் நிலையத்தில் அதனையே கருவியால் அளப்பர். 17 விழுக்காடு என்பது அங்குள்ள பொது வரம்பு. நெல்லைப் போன்றே மரமும் தோலும் காற்றின் ஈரத்தை ஏற்கும், இழக்கும். இசைக்கருவிகள் சுருதி குலைவதற்கு இஃதொரு தலையாய காரணமாகும்.

தஞ்சை வீணையை எடுத்துக்கொள்வோம். 17ஆம் நூற்றாண்டில் இரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டுகளுடன் அது செம்மையுற்றது என்பது மரபுவழிச் செய்தி. 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. பலா மரத்தில் கடையப்படும் இக்கருவி, ஈரம் ஏறும்போது நீளவாட்டில் மிகச் சிறிதே மாறும், குறுக்குவாட்டில் விரியும். எனவே ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தந்தியை முறுக்கும் பிருடை பருத்துத் துளையில் இறுகிக்கொள்ளும். வறண்ட கோடையில் அது சுருங்கி வழுக்க, தந்தி தளர்ந்து சுருதி இறங்கும்.

கருவிக்குக் கருவி விளைவு வேறுபடும். ஈரத்தால் மிருதங்கத்தின் தோல் தளர்ந்து சுருதி தாழும். பியானோவிலோ ஒலிப்பலகை பருத்து மேலெழுந்து தந்திகளை இழுப்பதால் சுருதி உயரும். ஆதலின் மேனாட்டார் பியானோவினுள் சிறு வெப்பத்தண்டும் நீர்த்தொட்டியும் பொருத்துவர். ஈரம் மிகின் முன்னது உலர்த்தும். குறையின் பின்னது ஈரமூட்டும். அடிக்கடி ஏறி இறங்காது ஈரத்தை ஒரே நிலையில் வைப்பதே இதன் நோக்கம், வெறுமனே உலர்த்துவதன்று.

இவ்வுண்மையை உணராது, மழைவிட்டதும் வீணையை வெயிலில் வைப்போர் உளர். அது பெருந்தவறு. மெட்டுகளைத் தாங்கும் மெழுகு இளகி அவை இடம்பெயரும்; விரைந்து காயும் மரமோ வெடிக்கும். குளிரூட்டிய அறையிலிருந்து உடனே ஈரக் காற்றுக்குக் கொணர்தலும் தீது.

மர இசைக்கருவிகட்குக் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 40 முதல் 60 விழுக்காடு வரை ஏற்றது என்பர். நம் மழைக்காலத்தில் அதனை எய்துதல் அரிது. ஆயினும் ஏற்ற இறக்கத்தைக் குறைத்தல் எளிது. வீணையை வெளிச்சுவரில் சாய்க்காமல் துணியுறையிட்டுப் பெட்டியில் வைக்கலாம். மழை மாதங்களில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை உடன்வைத்து, கோடையில் அகற்றிவிடலாம். சிறிய ஈரப்பதமானி ஒன்று இருப்பின் நிலைமை கண்கூடாகும். கச்சேரிக்குச் சென்றால், பெட்டியைச் சற்று நேரம் மூடியவாறே வைத்திருந்து பின் திறந்து சுருதி சேர்த்தல் நன்று.

குலைந்த சுருதியை ஒரு நாழிகையில் மீட்கலாம். ஆனால் பாட்டி வாசித்துப் பேத்திக்குத் தந்த வீணையின் குடம் பிளந்துவிடின், பழைய நாதம் திரும்புவது அரிதினும் அரிது. நெல்லின் ஈரம் அறிந்த நாம் மரத்தின் ஈரமும் அறிவோமாக!