கடனுக்கு அண்ணாச்சி கடை, காசுக்கு தி.நகரா?



மலருக்குக் கட்டுரை கேட்டபோது லேத் மெஷினைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தீபாவளிக்கு முன் எங்கள் வீட்டில் நடந்த ஒரு பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா பிள்ளையார்பாளையத்தில் கூட்டுறவு சங்கத்துக்குப் பட்டு நெய்கிறார். நான் பொருளாதாரம் படித்தவன் அல்ல. தறி வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன்.

நெசவாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது. புடவையை அறுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கூலி. கோர்வைப் புடவை என்றால் இரண்டு பேர் உட்கார்ந்து நெய்தாலும் பத்துப் பதினைந்து நாள் ஓடிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெருவில் பாவு விரிக்க முடியாது. குழித்தறியில் ஈரம் ஊறும், வேலை நிற்கும். அந்த நேரம் பார்த்துத்தான் தீபாவளி வருகிறது! சங்கத்து போனஸ் பண்டிகைக்கு முன் கைக்கு வரும். எங்கள் வீட்டில் வருடத்தில் மொத்தமாகப் பணம் பார்க்கும் நாள் அது ஒன்றுதான்.

மற்ற நாட்களில் அடுப்பு எரிவது எப்படி? தெருமுனை மளிகைக் கடையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. அதில் எங்களுக்கு ஒரு பக்கம். பருப்பு கால் கிலோ, எண்ணெய் 100 மில்லி, சோப்பு ஒன்று என்று அண்ணாச்சி எழுதிக்கொண்டே போவார். கூலி வந்ததும் கொஞ்சம் கழியும். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது நான் சின்னப் பையன். நூலும் வரவில்லை, ஜரிகையும் வரவில்லை, தறி நின்றுவிட்டது. ரேஷன் அரிசி கிடைத்தது. ஆனால் அரிசியை மட்டும் தின்ன முடியுமா? மீதி எல்லாம் அந்த நோட்டில்தான் ஏறியது. "எழுதிக்கிறேன், எடுத்துட்டுப் போ தம்பி" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

இந்த வருடம் போனஸ் வந்த அன்று நான், "அம்மா, தி.நகர் போய் டிரெஸ் எடுக்கலாம்" என்றேன். அம்மா இட்லிக்கு ஆட்டிக்கொண்டே, "கடனுக்கு அண்ணாச்சி கடை, காசுக்கு தி.நகராடா?" என்று கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. விலை மலிவாக இருக்கும் இடத்தில் வாங்கினால் என்ன தப்பு?

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று போன வருடச் செலவை எழுதினேன். துணியில் மிச்சமானது சுமார் 700 ரூபாய். நாலு பேர் பஸ்ஸில் போய்வந்து, மத்தியானம் சாப்பிட்டது 900 ரூபாய். அப்பாவுக்கு ஒரு நாள் தறி வேலை போனது தனி. எனக்கு எடுத்த பேண்ட் பொங்கலுக்குள் தையல் விட்டது. அதை எடுத்துக்கொண்டு 70 கிலோமீட்டர் திரும்பப் போவது யார்? எங்கள் தெரு டெய்லர்தான் முகம் சுளிக்காமல் தைத்துக் கொடுத்தார். வேடிக்கை என்னவென்றால், நாங்கள் சென்னைக்கு பஸ் ஏறும்போது எதிர் பஸ்ஸில் சென்னைக்காரர்கள் பட்டு எடுக்க இங்கே வந்து இறங்குகிறார்கள்.

பெரிய கடைக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் லாரி கணக்கில் எடுப்பதால் கம்பெனி தள்ளுபடி தருகிறது. அண்ணாச்சி பெட்டிக் கணக்கில் எடுக்கிறார். பாக்கெட்டில் அச்சடித்த எம்.ஆர்.பி.-க்கு மேல் யாரும் விற்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே பாக்கெட் சாமானில் வித்தியாசம் அந்தத் தள்ளுபடி அளவுதான். அந்த இரண்டு மூன்று ரூபாயைத்தான் நாம் பெரிதாகப் பேசுகிறோம். அண்ணாச்சி நமக்கு மாதக்கணக்கில் கடன் கொடுத்துவிட்டு வட்டி கேட்காததை விலையில் சேர்ப்பதே இல்லை. பண்டிகைச் சரக்கை அவரும் மொத்த வியாபாரியிடம் கடனுக்குத்தான் எடுக்கிறார். நாம் பாக்கியைத் தள்ளிப்போட்டு வெளியூரில் செலவழித்தால் நடுவில் மாட்டுவது அவர்தான்.

சின்னக் காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு இருக்கிறதே, அங்கேயும் இதே நிலைமைதான். காகிதக் கூழிலும் களிமண்ணிலும் வருடம் முழுக்க செய்து காயவைத்து வண்ணம் தீட்டினாலும், காசாவது நவராத்திரியை ஒட்டிய சில வாரங்களில்தான். அந்த வாரங்கள் போனால் அடுத்த வருடம்தான்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவில் 2010 முதல், கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடிக்கும் நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமையைச் 'சிறு கடைகளின் சனிக்கிழமை' என்று கொண்டாடுகிறார்கள். 2013 முதல் இங்கிலாந்திலும் டிசம்பரில் நடக்கிறது. அதை ஆரம்பித்தது அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்னும் கிரெடிட் கார்டு கம்பெனி! கடன் நோட்டு வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு இதைச் சொன்னேன், சிரித்தார்.

எனக்கு உறைத்தது வேறு ஒன்று. விசைத்தறிப் புடவை மலிவு என்று ஜனங்கள் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் 1985-ல் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. பட்டுப் புடவை உட்பட சில ரகங்கள் கைத்தறிக்கு என்று ஒதுக்கப்பட்டன. "மலிவைப் பார்க்காதீங்க, கை வேலையைப் பாருங்க" என்று அப்பா எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! அதே அப்பாவின் மகன் டெய்லரை விட்டுவிட்டு ரெடிமேடுக்கு ஓடினால் என்ன நியாயம்?

சின்னக் கடைக்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. பில் தராதவர், தேதி போன பிஸ்கட்டைத் தள்ளிவிடுபவர், கடன் என்றால் விலையைக் கூட்டி எழுதுபவர் உண்டு. தீபாவளிச் சீட்டுப் பிடித்துவிட்டுக் கம்பி நீட்டியவர்களும் உண்டு. தேதியைப் பாருங்கள், நோட்டில் எழுதும்போதே எட்டிப் பாருங்கள். நான் பார்க்கிறேன், அண்ணாச்சி கோபித்துக்கொண்டதில்லை.

கடைசியில் நாங்கள் தி.நகர் போகவில்லை. முதலில் பாக்கியைக் கட்டினோம். ராஜ வீதியில் ஒரு சின்னக் கடையில் துணி எடுத்து டெய்லரிடம் கொடுத்தோம். தீபாவளிக்கு முந்தின ராத்திரி பதினோரு மணிக்குத்தான் சட்டை கிடைத்தது, பட்டன் கூட அம்மாதான் தைத்தார். அண்ணாச்சி எங்கள் பக்கத்தின் குறுக்கே கோடு அடித்துவிட்டு, அப்போதே புதுப் பக்கத்தில் அப்பா பெயரை எழுதினார். முதல் வரி: நல்லெண்ணெய், கால் லிட்டர்.