தோற்ற ஆட்டத்தைப் படிக்கத் தெரியுமா?

பள்ளிச் சதுரங்கப் போட்டியில் தோற்று வீடு திரும்பிய மாணவர் என்ன செய்கிறார்? கைப்பேசியில் ஆட்டத்தைப் பதிந்து, எஞ்சினை முடுக்குகிறார். எண் சரிந்த இடத்தைப் பார்த்து, "இங்கேதான் தவறு" என்று மூடிவிடுகிறார். ஏன் தவறினோம் என்பது மட்டும் தெரியாமலே போகிறது.

சி ரூசா போன்ற இடங்களில் தனிப் பயிற்றுநரை அமர்த்த எல்லாக் குடும்பங்களாலும் இயலாது. இலவசப் பகுப்பாய்வுப் பலகையே பலருக்கு ஆசிரியர். அதில் எண்ணைவிட அதிகம் கற்றுத்தருவது பக்கத்தில் இருக்கும் நகர்வுப் பட்டியல்தான். அதைத் தேவைக்கேற்ப மாற்றி அமைக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஓர் ஆட்டத்தைப் பார்ப்போம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக வெற்றியாளர் போட்டியின் 14வது ஆட்டம். சீனாவின் டிங் லிரனுக்கு வெள்ளைக் காய்கள். சென்னையின் குகேஷுக்குக் கறுப்பு. சமநிலையை நோக்கிச் சென்ற ஆட்டத்தில், 55வது நகர்வில் டிங் தம் கோட்டையை எஃப்2 கட்டத்துக்கு நகர்த்தினார். 58வது நகர்வோடு ஆட்டம் முடிந்தது. 18 வயதில் குகேஷ் உலக வெற்றியாளர் ஆனார்.

இந்த ஆட்டத்தை இரண்டு பத்தி அமைப்பில் திறந்தால், இடப்பக்கம் வெள்ளை, வலப்பக்கம் கறுப்பு. போட்டியில் நாம் எழுதும் தாளைப் போலவே இருக்கும். 55வது வரியில் யார் தவறினார், யார் பதிலடி கொடுத்தார் என்பது ஒரே பார்வையில் புரியும்.

ஆனால், "கோட்டையை வேறு கட்டத்துக்கு நகர்த்தியிருந்தால்?" என்று மாற்று வழிகளைச் சேர்க்கத் தொடங்கினால் பத்திகள் துண்டுபடும். அப்போது, நகர்வுகளைப் பத்திரிகைப் பத்திபோல் தொடர்ந்து எழுதும் வரிசை அமைப்பே வசதி. லிச்செஸ் தளத்தின் பகுப்பாய்வுப் பலகையில் உள்ள பட்டியைத் திறந்து இந்த அமைப்புக்கு மாறலாம். எதைத் தேர்ந்தாலும் ஆட்டம் மாறாது. நகர்வுகள் பிஜிஎன் என்னும் எளிய எழுத்துக் கோப்பில் இருக்கின்றன. மாறுவது காட்சி மட்டுமே.

நிரலாக்கம் பயிலும் மாணவர்கள் இன்னும் ஒரு படி போகலாம். 2010-இல் பிரான்சின் திபோ டுப்ளெசி தொடங்கிய லிச்செஸ், தன் மூல நிரலை எல்லாருக்கும் திறந்து வைத்துள்ளது. அதன் ஆட்டக் காட்சிக் கூறினை உங்கள் பள்ளிக் கழகத்தின் இணையப் பக்கத்திலும் பொருத்தலாம். பட்டியல் பலகைக்கு வலப்பக்கமா, கீழேயா, அல்லது திரையின் அளவைப் பார்த்துத் தானே முடிவுசெய்வதா என்பதை ஒரே சொல்லில் குறிப்பிட்டால் போதும். எழுத்தின் அளவையும் நிறத்தையும் சிஎஸ்எஸ் கொண்டு மாற்றலாம்.

கைப்பேசிக்குப் பட்டியல் கீழே இருப்பது நல்லது. பக்கத்தில் வைத்தால் பலகை சுருங்கிவிடும். கணினியின் அகலத் திரைக்கு வலப்பக்கமே ஏற்றது.

அடுத்த முறை தோற்றால் இப்படிச் செய்து பாருங்கள். எஞ்சினை அணைத்து வையுங்கள். இரண்டு பத்தி அமைப்பில் ஆட்டத்தை ஒருமுறை ஓட்டி, ஐயம் எழுந்த மூன்று நகர்வுகளைக் குறியுங்கள். வரிசை அமைப்புக்கு மாறி, ஒவ்வொன்றுக்கும் மாற்று வழியைச் சேர்த்து, காரணத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். அதன்பிறகு எஞ்சினைக் கேளுங்கள்.

எஞ்சின் சொன்ன விடை நாளைக்கே மறந்துபோகலாம். நீங்களே தேடிக் கண்ட தவறு அடுத்த போட்டியில் கையைத் தடுத்து நிறுத்தும்.