ஒரே காய்ச்சல், வேறு வேறு பீஸ்

சாதாரணக் காய்ச்சலுக்கு ஒருமுறை டாக்டரைப் பார்த்துவர ஆகும் செலவு, ஜூஜுவாடி போன்ற எல்லையூரில், நோயைப் பொறுத்து அமைவதில்லை. பணம் யார் கையிலிருந்து போகிறது, அந்தப் பணத்துக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்ற இரண்டும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. ஓசூர் மாநகராட்சிக்கு உட்பட்ட இந்தப் பகுதியில் ஒரு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை. சோதனைச்சாவடியைத் தாண்டினால் மறுபக்கம் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. ஒரே தெருவில் குடியிருக்கும் மூன்று தொழிலாளர்களுக்கு ஒரே வாரத்தில் காய்ச்சல் கண்டால், ஒருவர் அரசு மருத்துவமனையில் காசில்லாமல் பார்த்துவிடுவார். இன்னொருவர் இ.எஸ்.ஐ. கார்டை எடுத்துக்கொண்டு போவார். மூன்றாமவர் ஷிப்ட் முடிந்து பக்கத்து கிளினிக்கில் டோக்கன் வாங்கி, சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டுவார். மூவருக்கும் கிடைப்பது பெரும்பாலும் அதே பாராசிட்டமால்தான்.

அரசு மருத்துவமனையில் செலவு இல்லை என்பதற்குப் பொருள், அதை வரி ஏற்கெனவே கட்டிவிட்டது என்பதே. தமிழ்நாட்டில் புறநோயாளிச் சீட்டுக்கும் காசில்லை, மாத்திரைக்கும் காசில்லை. மாத்திரை இலவசமாகக் கிடைப்பதற்குப் பின்னால் 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. மாநிலம் முழுவதற்குமான மருந்தை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்பும் இந்த ஏற்பாட்டைப் பிற மாநிலங்களும் பின்பற்றின. வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதும் ஓசூர் அடங்கிய இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சூளகிரி ஒன்றியத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். மாதந்தோறும் மாத்திரைக்காக மட்டுமே டாக்டரிடம் போய்வந்த முதியவர்களுக்கு, அந்தப் போக்குவரத்துச் செலவையே இத்திட்டம் மிச்சப்படுத்துகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் வழக்கம் சற்று வேறு. பெங்களூருவின் விக்டோரியா மருத்துவமனையில் புறநோயாளிப் பதிவுக்கே கட்டணம் உண்டு. 2024 நவம்பரில் அது 10 ரூபாயிலிருந்து 20 ரூபாயாக உயர்ந்தது. தொகை சிறியதுதான். ஆனால் சீட்டுக்கே காசு வாங்குவதா, வேண்டாமா என்பதில் இரண்டு மாநிலங்களின் கொள்கையும் வேறு என்பதை அது காட்டுகிறது.

இலவச மருத்துவத்துக்கும் ஒரு விலை உண்டு. அது ரூபாய்க் கணக்கில் வராது. அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவு பெரும்பாலும் காலையில் இயங்குகிறது. முதல் ஷிப்டில் இருக்கும் தொழிலாளி அந்த வரிசையில் நிற்க வேண்டுமானால் ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு விடுப்புச் சம்பளம் கிடைப்பது அரிது. ஆகவே கிளினிக்கில் 200 ரூபாய் கொடுப்பது, இலவச மருத்துவமனைக்குப் போவதைவிட அவருக்கு மலிவாக முடிந்துவிடுகிறது. இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யத்தான் 2023 ஜூனில் திறக்கப்பட்ட நகர்ப்புற நலவாழ்வு மையங்களுக்குக் காலை 8 முதல் 12 வரையும், மாலை 4 முதல் 8 வரையும் நேரம் வைத்தார்கள். தொழிற்பேட்டை ஊர்களுக்கு மாலை நேர டாக்டர் எவ்வளவு தேவை என்பது அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

ஓசூரின் தனித்தன்மை இ.எஸ்.ஐ.யில்தான் தெளிவாகத் தெரிகிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தில், 2019 ஜூலையிலிருந்து தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவீதமும் நிறுவனத்தின் பங்காக 3.25 சதவீதமும் செலுத்தப்படுகின்றன. மாதச் சம்பளம் 20,000 ரூபாய் என்றால் தொழிலாளியிடம் பிடிப்பது 150 ரூபாய், நிறுவனம் கட்டுவது 650 ரூபாய். மாதம் 800 ரூபாய் போய்ச் சேர்ந்துவிட்டதால், டாக்டர் அறைக்குள் நுழையும்போது அவரிடமோ குடும்பத்தாரிடமோ யாரும் பீஸ் கேட்பதில்லை. ஓசூரில் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இருக்கிறது. ஆனால் 2017 ஜனவரியிலிருந்து இதற்குச் சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாய். சம்பள உயர்வு அந்தக் கோட்டைத் தாண்டினால், நடப்பு ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் தொழிலாளி திட்டத்திலிருந்து வெளியேறுகிறார். அந்தக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்று கணக்கிடப்படுகிறது. ஓவர்டைம் பணம் இந்த உச்சவரம்பில் சேராது என்பதை ஓவர்டைம் பார்க்கும் பலர் அறிந்திருப்பதில்லை. 1,000 ரூபாய் சம்பளம் கூடியதால், வீட்டில் உள்ள அனைவரின் வைத்தியச் செலவும் திடீரெனச் சொந்தச் செலவாக மாறுவது வருத்தத்துக்குரியது. நிறுவனம் வேறு காப்பீடு தராவிட்டால், அந்த உயர்வில் பெரும்பகுதி கிளினிக்குகளுக்கே போய்விடும்.

இ.எஸ்.ஐ. டாக்டரைப் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. உடல்நலமின்றி வேலைக்கு வராத நாள்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை, நோய்க்காலப் பயனாகக் கிடைக்கும். அதற்குரிய பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும், இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழும் வேண்டும். தனியார் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு உடம்பு தேறிய பிறகும், சான்றிதழுக்காக இ.எஸ்.ஐ. வரிசையில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே காய்ச்சலுக்கு இரண்டு டாக்டர், இரண்டு செலவு.

இனி தனியார் கிளினிக். இங்கே ‘டாக்டர் பீஸ்’ என்று சொல்லப்படும் தொகைக்குள் இடத்துக்கு இடம் வேறு வேறு பொருள்கள் அடங்கியிருக்கின்றன. சில கிளினிக்குகளில் பார்ப்பது, ஊசி, மூன்று நாள் மாத்திரை எல்லாம் சேர்த்து ஒரே தொகை. வேறு சிலவற்றில் பார்ப்பதற்கு மட்டும் பணம். சீட்டை எழுதிக் கொடுத்து மெடிக்கல் ஷாப்புக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் கிளினிக் 250 ரூபாயும் இரண்டாவது 200 ரூபாயும் வாங்கினால், வெளியே நின்று கேட்பவருக்கு இரண்டாவதுதான் மலிவு என்று தோன்றும். மருந்துக்கடை பில்லையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு பெரும்பாலும் தலைகீழாகும். ‘ரிவ்யூ’ எனப்படும் மறுபார்வைக்கும் ஒரே மாதிரி ஏற்பாடு இல்லை. சில டாக்டர்கள் சில நாள்களுக்குள் வந்தால் பீஸ் வாங்குவதில்லை. சிலர் பாதி வாங்குவார்கள். சிலர் முழுதும் வாங்குவார்கள். காய்ச்சல் பெரும்பாலும் இரண்டு முறை டாக்டரைப் பார்க்க வைக்கும் நோய் என்பதால், இந்த வேறுபாடு சிறியதல்ல.

டாக்டர் தரப்புக் கணக்கையும் பார்க்க வேண்டும். வாடகை, கரன்ட், நர்ஸ் சம்பளம் எல்லாமாக ஒரு கிளினிக்குக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். 60 பேர் வந்தால் அந்தச் செலவு தலைக்கு 50 ரூபாய். 15 பேரே வந்தால் 200 ரூபாய். கூட்டம் அதிகமுள்ள கிளினிக் குறைந்த பீஸில் நடப்பதற்கும், ஆள் குறைந்த புதிய கிளினிக் அதிகம் கேட்பதற்கும் இதுவே முதல் காரணம். ஆனால் 60 பேரைப் பார்க்கும் டாக்டரால் ஒருவருக்கு மூன்று நான்கு நிமிடங்களுக்கு மேல் ஒதுக்க முடியாது. குறைந்த பீஸ் சில இடங்களில் டாக்டரின் பெருந்தன்மை. சில இடங்களில் நோயாளிக்குக் கிடைக்காமல் போன நேரம். படிப்பும் பீஸைக் கூட்டுகிறது. எம்.பி.பி.எஸ். மட்டும் படித்தவரைவிட எம்.டி. முடித்தவர் கூடுதலாக வாங்குவார். டி.எம். வரை போனவர் அதற்கும் மேலே.

தமிழ்நாட்டில் அரசு டாக்டர்கள் பணி நேரம் முடிந்த பிறகு தனியாகப் பிராக்டிஸ் செய்ய அனுமதி உண்டு. காலையில் அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்க்கும் அதே டாக்டரை, மாலையில் அவருடைய கிளினிக்கில் பணம் கொடுத்துப் பார்க்கலாம். படிப்பும் அனுபவமும் மாறுவதில்லை. மாலையில் வாங்கப்படுவது நேரமும் வசதியும் மட்டுமே.

எல்லை தாண்டினால் விலையின் அளவுகோலே மாறுகிறது. அத்திப்பள்ளியிலிருந்து பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி வரை நீளும் சாலையில் பெரிய மருத்துவமனைகள் பல இருக்கின்றன. தேவி ஷெட்டி தொடங்கிய நாராயணா மருத்துவமனை வளாகம் பொம்மசந்திராவில்தான் இருக்கிறது. ஓசூர்க்காரர்கள் பெங்களூரு ஸ்பெஷலிஸ்ட்டைத் தேடிப் போவது பழைய வழக்கம். பெங்களூருவின் கார்ப்பரேட் மருத்துவமனைகளில் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க ஆயிரம் ரூபாய் ஆவது இப்போது புதிதல்ல. அங்கே டாக்டர் பீஸுக்கு முன்பே பதிவுக் கட்டணம் என்று ஒன்று இருக்கும். அங்கே பீஸ் என்பது வாசல் மட்டும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மருந்து என்று உள்ளே போகப் போகச் செலவு விரிகிறது. மூன்று நாள் காய்ச்சலுக்கு டெங்கு, டைபாய்டு பரிசோதனைகள் உண்மையாகவே தேவைப்படுவதும் உண்டு. தேவையில்லாமல் எழுதப்படுவதும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய நோயாளியால் முடியாது. மருத்துவத்தில் விலைப்போட்டி சரியாக வேலை செய்யாததற்கு இதையே பொருளியலறிஞர் கென்னத் ஆரோ 1963இல் எழுதிய கட்டுரையில் காரணமாக வைத்தார்: வாங்குபவருக்குத் தெரியாதது விற்பவருக்குத் தெரிகிறது.

காப்பீடு இந்தச் செலவைத் தாங்காதா என்ற கேள்வி இயல்பானது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியிலிருந்து இந்தப் பெயரில் இயங்குகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் பாதுகாப்பு உண்டு. ஆனால் அது முக்கியமாக அறுவை சிகிச்சை, மருத்துவமனையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சை போன்றவற்றுக்கானது. ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீடும் அப்படியே. நிறுவனங்கள் எடுத்துத் தரும் குழுக் காப்பீடுகளில் பெரும்பாலானவையும் புறநோயாளிச் செலவை ஏற்பதில்லை. இதய அறுவை சிகிச்சைக்குக் கார்டு இருக்கிறது. காய்ச்சலுக்குக் கார்டு இல்லை. ஆண்டில் பல முறை வருவதோ காய்ச்சல்தான். தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, 2021-22இல் நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தங்கள் கையிலிருந்து நேரடியாகக் கொடுத்தது. 2013-14இல் இது 64.2 சதவீதமாக இருந்தது. குறைந்திருந்தாலும், இதில் புறநோயாளிச் செலவின் பங்கு பெரிது.

மருந்துக்கு இந்தியாவில் விலை வரம்பு உண்டு. 2013ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை, அத்தியாவசிய மருந்துகளுக்கு உச்ச விலை நிர்ணயிக்கிறது. டாக்டர் பீஸுக்கு அப்படி எதுவும் இல்லை. தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் பதிவையும் வசதிகளையும் பற்றியது, பீஸை நிர்ணயிப்பதில்லை. கர்நாடகம் 2017இல் தனியார் மருத்துவமனைக் கட்டணங்களைக் கட்டுப்படுத்த முயன்றபோது, தனியார் டாக்டர்கள் மாநிலம் முழுவதும் வேலைநிறுத்தம் செய்தார்கள். கடைசியில் நிறைவேறிய சட்டத் திருத்தம் முதல் வரைவைவிட மென்மையாகவே இருந்தது.

சட்டம் தொடாத இடத்தில் தனிமனிதர்கள் செய்து காட்டியதும் உண்டு. வடசென்னையில் ஐந்து ரூபாய் டாக்டர் என்று அழைக்கப்பட்ட ஜெயச்சந்திரன் 2018 டிசம்பரில் மறைந்தார். அவரைப் போலவே குறைந்த பீஸ் வாங்கிய வியாசர்பாடியின் திருவேங்கடம் வீரராகவன் 2020 ஆகஸ்டில் மறைந்தார். கோவையின் இருபது ரூபாய் டாக்டர் பாலசுப்பிரமணியமும், கர்நாடகத்தின் மாண்டியாவில் சங்கரே கௌடாவும் அந்த வரிசையினர். பீஸ் என்பது செலவுக் கணக்கு மட்டுமல்ல, டாக்டர் எடுக்கும் ஒரு முடிவும்கூட என்பதற்கு இவர்களே சான்று. ஆனால் ஒரு தொழிற்பேட்டையின் மருத்துவத் தேவையை இத்தகைய அரிய மனிதர்களை நம்பி விட்டுவிட முடியாது. பிரான்சில் தேசியக் காப்பீட்டு நிறுவனமும் டாக்டர்களும் ஒப்பந்தம் செய்து பொது மருத்துவரின் பீஸை முடிவுசெய்கிறார்கள். 2024 டிசம்பரிலிருந்து அது 30 யூரோ. மலேசியாவின் 2006ஆம் ஆண்டு விதிகள், பொது மருத்துவரின் ஆலோசனைக்கு 10 முதல் 35 ரிங்கிட் வரை என்று எல்லை கட்டின.

இந்தியாவில் எல்லை இல்லாவிட்டாலும், வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள், டாக்டர் தம் பீஸையும் பிற கட்டணங்களையும் கிளினிக்கில் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்கின்றன. நோயாளியை அனுப்பி வைப்பதற்குக் கமிஷன் வாங்குவதையோ கொடுப்பதையோ அவை தடை செய்கின்றன. பலகை இல்லாத கிளினிக்கில் டோக்கன் வாங்கும்போதே நோயாளி கேட்டுக்கொள்ளலாம்: மாத்திரை இந்தத் தொகையில் சேருமா, ரிவ்யூ எத்தனை நாள் வரை இலவசம், பதிவுக்குத் தனியாக ஏதும் உண்டா, ரசீது கிடைக்குமா.