பல்லோடு போகும் எலும்பு
தாடையில் கரைந்ததை மீட்க முடியுமா? எப்படி, எப்போது, யாருக்கு?

புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் திண்ணையில் உட்கார்ந்து சின்ன உரலில் வெற்றிலை இடிக்கும் அப்பத்தாக்களை இன்றும் பார்க்கலாம். கடிக்கப் பல் இல்லை. மகன் செலவழித்துக் கட்டிக்கொடுத்த பல் செட் பெட்டிக்குள் கிடக்கிறது. "ஆடுதுப்பா, பேசினா வெளியில வந்துருது" என்பார்கள். பலருக்குக் குறை செட்டில் இல்லை. அது உட்கார வேண்டிய எலும்பு மேடு கரைந்துவிட்டது.

2023 நவம்பரில் புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. சென்னை, சிதம்பரத்துக்கு அடுத்து இது தமிழக அரசின் மூன்றாவது. ஆண்டுக்கு 50 பி.டி.எஸ். இடங்கள். பல் வலி என்றால் பிடுங்கிவிட்டு மறந்துவிடுவதே வழக்கமான மாவட்டத்தில், பிடுங்கிய பிறகு என்ன ஆகிறது என்றும் பேசத் தொடங்க வேண்டிய நேரம் இது.

எலும்பு ஏன் கரைகிறது?

பல்லைத் தாங்கும் எலும்பு பல்லுக்காகவே இருப்பது. ஒவ்வொரு முறை மெல்லும்போதும் வேர் வழியாக அழுத்தம் எலும்புக்குப் போகிறது. அந்த வேலைதான் அதை உயிரோடு வைத்திருக்கிறது. மரத்தைப் பிடுங்கிய கண்மாய்க் கரை மழைக்கு மழை சரிவதைப் போல, பல் போன இடத்தில் எலும்பு மேடு ஒடுங்குகிறது. பல் எடுத்த ஆறு மாதத்துக்குள் அதன் அகலத்தில் சுமார் 30 முதல் 60 சதவீதம் வரை குறையலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பாதிப்பு அதிகம் நடப்பது முதல் மூன்று மாதங்களில்.

பல் இருக்கும்போதே எலும்பைத் தின்பது ஈறு நோய். பல் துலக்கும்போது ரத்தம், ஈறு கீழே இறங்குவது, பல் ஆடுவது என்று அது படிப்படியாக வரும். வலி அதிகம் இல்லாததால் யாரும் கண்டுகொள்வதில்லை. புகையிலையும் கட்டுப்படாத சர்க்கரையும் சேர்ந்தால் வேகம் கூடும்.

குழியில் என்ன வைக்கிறார்கள்?

எலும்பு ஒட்டு, அதாவது போன் கிராஃப்ட், பார்க்க வெள்ளை ரவை போலிருக்கும். பல் எடுத்த குழியைச் சுத்தம் செய்து, ரத்தத்தில் நனைந்த அந்தக் குறுணையை நிரப்பி, மேலே மெல்லிய சவ்வு ஒன்றைப் போர்த்தித் தையல் போடுவார்கள். ஈறு சில வாரங்களில் வளர்ந்துவிடும். எலும்புக்கு மாதங்கள் வேண்டும். சவ்வு இல்லாவிட்டால் ஈறு முந்திக்கொண்டு எலும்பின் இடத்தைப் பிடித்துவிடும்.

குறுணை நான்கு வகை. நோயாளியின் முகவாயிலிருந்தோ கீழ்த்தாடையின் பின்பகுதியிலிருந்தோ எடுக்கும் சொந்த எலும்பு முதல் வகை. அதில் உயிரணுக்களும் இருப்பதால் சிறந்தது. ஆனால் இன்னொரு இடத்திலும் புண் ஆற வேண்டும். இறந்தவர்கள் தானமாகத் தந்த எலும்பைப் பதப்படுத்தியது இரண்டாவது. மூன்றாவது, பெரும்பாலும் மாட்டெலும்பிலிருந்து தயாராவது. நான்காவது, ஆய்வகத்தில் செய்த கால்சியம் பாஸ்பேட் அல்லது உயிர்க் கண்ணாடி. எது வைக்கப்படுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. நம்பிக்கை சார்ந்த தயக்கம் இருந்தால் முன்பே சொல்லிவிடலாம்.

இந்தக் குறுணை சிமெண்ட் அல்ல, சாரம். அதைப் பிடித்துக்கொண்டு நம் உடல்தான் புது எலும்பைக் கட்டுகிறது. பொதுவாக நான்கு முதல் ஆறு மாதம் பொறுத்த பிறகே இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர், வைப்பார்கள். எலும்பு போதுமானதாக இருந்தால் சிலருக்கு இரண்டையும் ஒரே நாளில் செய்வதும் உண்டு.

ஈறையும் மீட்கலாமா?

ஈறு இறங்கி வேர் தெரிபவர்களுக்கு, அண்ணத்திலிருந்து மெல்லிய திசுவை எடுத்து ஒட்டுவார்கள். அண்ணத்துப் புண் இரண்டு, மூன்று வாரங்களில் ஆறிவிடும். நோயாளியின் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, அதில் திரளும் ஃபைப்ரின் படலத்தைப் புண்ணில் வைக்கும் முறையும் உண்டு. 2001-இல் பிரான்ஸைச் சேர்ந்த ஜோசப் சுக்ரூன் விவரித்தது இது.

எல்லாருக்கும் கைகொடுக்குமா?

இல்லை. குழியில் போட்ட மண் நிற்கும். மேட்டில் போட்டது மழையோடு போகும். ஈறு நோயில் பல்லோரம் கிணறு போல எலும்பு அரித்திருந்தால் ஒட்டு நன்றாகப் பிடிக்கும். வாய் முழுக்க ஒரே சீராக எலும்பு இறங்கியிருந்தால் உயரத்தை மீட்பது கடினம். இதை எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒட்டு வைத்த இடத்தை வெறுமனே விட்டாலும் நாளடைவில் அதுவும் தேயும்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை கட்டுக்குள் வராமல் அவசரப்படக் கூடாது. புகை, புகையிலை, பாக்கு போட்டுக்கொண்டே ஒட்டு வைப்பது, சாரம் கட்டிவிட்டு அடியில் தீ மூட்டுவதற்குச் சமம். எலும்புத் தேய்மானத்துக்கான ஊசி, மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எடுப்பவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தாங்களாகவே நிறுத்தவும் கூடாது.

பிடுங்கும் நாளிலேயே கேளுங்கள்

ஒடுங்கிப்போன மேட்டைப் பிறகு அகலப்படுத்துவதைவிட, பல் எடுத்த அன்றே குழியைக் காப்பது எளிது. எல்லாக் குழிக்கும் ஒட்டு தேவைப்படாது. ஆனால் தேவையா என்ற கேள்வி அந்த நாற்காலியிலேயே எழ வேண்டும். அடுத்த முறை அப்பாவையோ அம்மாவையோ பல் பிடுங்க அழைத்துப்போகும்போது, பஞ்சைக் கடித்தபடி அவர்கள் எழுந்திருப்பதற்கு முன்னால் மருத்துவரிடம் கேளுங்கள்: "இந்த இடத்து எலும்பைக் காப்பாத்த என்ன பண்ணலாம்?" அப்பத்தாவுக்காக இதைக் கேட்க அன்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.