காற்று அனுமதிக்காத நாள்

இமாசலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில், தௌலாதார் மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ளது பீர் என்னும் சிற்றூர். அங்கிருந்து 14 கி.மீ. மலைப்பாதையில் ஏறினால், ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் பில்லிங் புல்வெளியை அடையலாம். அலுமினியச் சட்டம் கொண்ட ஹேங் கிளைடர்கள் 1980-களில் இங்கிருந்து பறந்தன. இன்று துணிச் சிறகாலான பாராகிளைடர்களே மிகுதி. 2015-இல் அதன் உலகக் கோப்பைப் போட்டியும் இங்கு நடைபெற்றது.

கடந்த அக்டோபரில் என் மகளுடன் அங்குச் சென்றிருந்தேன். தலைக்கவசம் அணிந்து காத்திருந்தோம். திடீரென்று காற்று முதுகுப்புறமிருந்து வீசத் தொடங்கியது. எதிர்க்காற்று இருந்தால்தான் சிறகு பாதுகாப்பாக மேலெழும் என்று கூறிய விமானி, பறக்க மறுத்துவிட்டார். மறுநாள் ஊர் திரும்ப வேண்டுமே என்று நான் வற்புறுத்தியும் பயனில்லை. கட்டணத்தைத் திருப்பித் தந்தார். மகள் வாடிய முகத்துடன் ஜீப்பில் ஏறினாள்.

அன்றிரவு விடுதியில் எனது விபத்துக் காப்பீட்டுப் பத்திரத்தைப் படித்துப் பார்த்தேன். சாகச விளையாட்டுகளால் நேரும் விபத்துகளுக்கு இழப்பீடு இல்லை என்று அதில் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. நிபந்தனைகளைப் படித்த பின்பே கையொப்பமிடுங்கள் என்று நாள்தோறும் வாடிக்கையாளர்களிடம் கூறுபவன் நான்!

பறக்க விரும்புவோர் பயணத்தில் ஒருநாளைக் கூடுதலாக ஒதுக்குங்கள். விமானியின் உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள். காப்பீட்டின் விலக்குகளைப் புறப்படும் முன்பே படித்துவிடுங்கள். அடுத்த பயணத்திற்கு நாங்கள் அவ்வாறே ஆயத்தமாகி வருகிறோம்.