தரவுக் காவலும் தண்காற்றும்

ஓலையில் எழுத்தைப் பொறித்த காலத்திலும் வன்தட்டில் தரவைப் பதியும் காலத்திலும் மனிதரின் கவலை ஒன்றே: எழுதியது நிலைக்குமா? ஒரு வன்தட்டு பழுதானாலும் அதிலுள்ள தரவு அழியாமல் காக்கும் ஏற்பாட்டைக் கணினி அறிவியல் கண்டறிந்துள்ளது. அந்த ஏற்பாட்டை நடத்தும் சிறிய மின்னணு அட்டையைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் அதன் வெப்பத்தைத் தணிக்கும் வழியையும் இப்பாடம் விளக்குகிறது.

படியெடுத்தலும் பாதுகாப்பும்

பனையோலைச் சுவடியைக் கறையானும் ஈரமும் காலப்போக்கில் அரித்துவிடும். ஆகவே, நம் முன்னோர் ஒரே நூலைப் பல ஏடுகளில் படியெடுத்து வைத்தனர். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதர், ஊர் ஊராகச் சென்று ஒரு நூலின் பல படிகளைத் தேடித் தொகுத்தார். ஓர் ஏட்டில் சிதைந்த பகுதியை மற்றோர் ஏட்டின் துணைகொண்டு நிரப்ப முடிந்தது. ஒன்று கெட்டாலும் மற்றொன்று காக்கும் என்னும் இவ்வறிவே இன்றைய தரவுப் பாதுகாப்பிற்கும் அடிப்படையாகும்.

இன்று நிலப்பதிவுகள், வங்கிக் கணக்குகள், மருத்துவக் குறிப்புகள், ஓலைச்சுவடிகளின் நிழற்படங்கள் ஆகிய யாவும் கணினியில் சேமிக்கப்படுகின்றன. அவற்றுள் பெரும்பகுதி வன்தட்டுகளில் உள்ளது. வன்தட்டுக்குள் இருக்கும் வட்டத்தகடுகள் பொதுவாக நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. தரவைப் படிக்கும் முனை, தகட்டைத் தொடாமல் மயிரிழையினும் மிகக் குறுகிய இடைவெளியில் மிதக்கிறது. இத்தகைய நுண்பொறி என்றேனும் ஒருநாள் நின்றே தீரும். அந்நாள் எது என்பதை யாரும் முன்கூட்டியே சொல்ல இயலாது.

ரெய்டு பிறந்த வரலாறு

1980களில் பெருங்கணினிகளுக்கான வன்தட்டுகள் மிகுந்த விலை உடையனவாக இருந்தன. தனிமனிதக் கணினிகளுக்கான சிறு வன்தட்டுகளோ விலை குறைந்தவை. அச்சிறு வட்டுகள் பலவற்றை ஒன்றாக இணைத்துப் பெருவட்டின் பணியைச் செய்விக்கலாம் என்று அமெரிக்காவின் பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் 1988ஆம் ஆண்டு வெளியான ஆய்வுக்கட்டுரையில் எடுத்துரைத்தனர்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. வட்டுகளின் எண்ணிக்கை கூடக்கூட, அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடும். அதற்கு அவர்கள் கூறிய தீர்வு, தேவைக்கு மேற்பட்ட தகவலையும் சேர்த்துச் சேமிப்பதாகும். இவ்வமைப்பிற்கு 'மிகைத்தகவல் கொண்ட மலிவு வட்டுகளின் அணி' என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ரெய்டு' எனப் பெயரிட்டனர். பின்னாளில் 'மலிவு' என்னும் சொல்லுக்கு மாற்றாகத் 'தனித்தியங்கும்' என்னும் சொல் வழக்கிற்கு வந்தது.

இழந்ததை மீட்கும் கணக்கு

ஒரு வட்டில் உள்ளதை அப்படியே மற்றொரு வட்டிலும் எழுதுவது எளிய முறை. இதற்கு ரெய்டு 1 என்று பெயர். இதில் பாதி இடம் படிக்கே செலவாகிறது. இடத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் மற்றொரு முறையும் உண்டு. அதனை ஒரு சிறு கணக்கால் அறியலாம்.

கணினிக்கு எல்லாத் தரவும் 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களே. மூன்று வட்டுகளில் முறையே 1, 0, 1 என்னும் இலக்கங்கள் உள்ளன எனக் கொள்வோம். நான்கையும் சேர்த்துப் பார்க்கும்போது 1 என்னும் இலக்கம் இரட்டைப்படை எண்ணிக்கையில் வருமாறு நான்காம் வட்டில் ஓர் இலக்கத்தை எழுத வேண்டும். இங்கு ஏற்கெனவே இரண்டு 1கள் இருப்பதால் நான்காம் வட்டில் 0 எழுதப்படும். இப்போது மூன்றாம் வட்டு பழுதாகிறது. எஞ்சியவை 1, 0, 0. இவற்றில் ஒரே ஒரு 1 மட்டுமே உள்ளது. எண்ணிக்கை இரட்டைப்படையாக வேண்டுமாயின் இழந்த இலக்கம் 1 ஆகத்தான் இருக்க வேண்டும். இழந்தது மீண்டுவிட்டது! இக்கூடுதல் இலக்கத்தைச் சமநிலை இலக்கம் எனலாம். ரெய்டு 5 முறையில் சமநிலை இலக்கங்கள் ஒரே வட்டில் குவியாமல் எல்லா வட்டுகளிலும் பகிர்ந்து எழுதப்படுகின்றன. ரெய்டு 6 முறையில் இருவகைக் கணக்குகள் மேற்கொள்ளப்படுவதால் இரண்டு வட்டுகள் பழுதானாலும் தரவை மீட்கலாம்.

தெரிந்து தெளிவோம்

4 டெராபைட் கொள்ளளவுள்ள நான்கு வட்டுகளை இணைத்தால்:
ரெய்டு 0 – பயன்படும் இடம் 16 டெராபைட். ஒரு வட்டு பழுதானாலும் அணி முழுவதும் அழியும்.
ரெய்டு 5 – பயன்படும் இடம் 12 டெராபைட். ஒரு வட்டின் இழப்பைத் தாங்கும்.
ரெய்டு 6 – பயன்படும் இடம் 8 டெராபைட். எந்த இரு வட்டுகளின் இழப்பையும் தாங்கும்.
ரெய்டு 10 – பயன்படும் இடம் 8 டெராபைட். ஒவ்வோர் இணையிலும் ஒரு வட்டின் இழப்பைத் தாங்கும்.

அட்டையின் பணி

மேற்கண்ட கணக்கைக் கணினியின் மையச் செயலியே செய்யலாம். இது மென்பொருள்வழி ரெய்டு எனப்படும். இதற்கென அமைந்த தனி அட்டையைக் கொண்டும் செய்யலாம். இது வன்பொருள்வழி ரெய்டு ஆகும். இவ்வட்டையில் தனிச்செயலி ஒன்றும் இடைநினைவகமும் உள்ளன. சுருங்கச் சொன்னால், அது கணினிக்குள் அமர்ந்திருக்கும் மற்றொரு சிறிய கணினி.

எழுத வேண்டிய தரவை அட்டை முதலில் இடைநினைவகத்தில் வாங்கிக்கொண்டு, 'எழுதியாயிற்று' எனக் கணினிக்கு விடையளிக்கும். பின்னர் வட்டுகளில் ஒழுங்காக எழுதும். இதனால் வேகம் கூடும். ஆனால், அவ்விடைவெளியில் மின்சாரம் நின்றால் இடைநினைவகத்தில் உள்ளவை மறைந்துவிடும். தரவு எழுதப்பட்டு அதற்குரிய சமநிலை இலக்கம் எழுதப்படாமல் போகவும் கூடும். இதனைத் தடுக்க மின்கலம் ஒன்று அட்டையில் இணைக்கப்படுகிறது. புதிய அட்டைகளில் அதற்கு மாற்றாக மீமின்தேக்கி அமைகிறது. மின்சாரம் நின்றவுடன் அது தன்னிடமுள்ள ஆற்றலைக்கொண்டு இடைநினைவகத் தரவை மின்சாரமின்றியும் நிலைக்கும் நினைவகத்திற்கு மாற்றிவிடும். மின்வெட்டு நேரும் ஊர்களில் இவ்வசதி இன்றியமையாதது.

தேர்ந்தெடுக்கும் முறை

முதற்கேள்வி, தனி அட்டை தேவைதானா என்பதே. இன்றைய மையச் செயலிகள் சமநிலைக் கணக்கை எளிதில் செய்யும் ஆற்றல் பெற்றவை. லினக்ஸ் இயங்குதளத்தில் ரெய்டு அமைக்கும் வசதி கட்டணமின்றியே கிடைக்கிறது. மின்கலக் காப்புடைய இடைநினைவகம் வேண்டும்போதும் மையச் செயலியின் சுமையைக் குறைக்க வேண்டும்போதும் தனி அட்டை பயன் தரும்.

இரண்டாவதாக, அட்டை எம்முறைகளை ஏற்கும் என்று அறிதல் வேண்டும். மலிவான அட்டைகள் சில ரெய்டு 0, 1, 10 ஆகியவற்றை மட்டுமே ஏற்கும். வேறு சில அட்டைகள், பெயருக்கு ரெய்டு அட்டையாக இருந்து, கணக்கை எல்லாம் மையச் செயலியிடமே தள்ளிவிடும்.

மூன்றாவதாக, இணைப்புகளைக் கருத வேண்டும். அட்டையின் பெயரில் '8ஐ' என்று இருப்பின் கணினியின் உள்ளே எட்டு இணைப்புத் தடங்கள் உண்டு என்பது பொருள். '8இ' என்பது வெளியிணைப்புகளைக் குறிக்கும். வழங்கிக் கணினிகளுக்குரிய சாஸ் வகை அட்டையில் சாட்டா வகை வட்டுகளையும் பொருத்தலாம். சாட்டா வகைக்கு மட்டும் உரிய அட்டையில் சாஸ் வட்டுகளைப் பொருத்த இயலாது.

நான்காவதாக, தாய்ப்பலகையில் அட்டை செருகப்படும் இடத்தை நோக்க வேண்டும். இத்தகைய அட்டைகள் பலவற்றுக்கு எட்டுத் தரவுத் தடங்கள் தேவை. நீளமான செருகுவாயிலும் உள்ளே நான்கு தடங்கள் மட்டும் இணைக்கப்பட்டிருக்கக் கூடும். அப்போது அட்டை இயங்கும். ஆயினும், அதன் முழு வேகம் கிட்டாது.

இறுதியாக, அட்டையே பழுதானால் என்ன செய்வது என எண்ணிப் பார்க்க வேண்டும். வட்டுகளில் தரவைப் பகிர்ந்தெழுதும் முறை நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடுகிறது. ஆகவே, வட்டுகள் அனைத்தும் நலமாக இருந்தும், அதே வகை அட்டை கிடைக்காவிட்டால் தரவைப் படிக்க இயலாமல் போகலாம். எளிதில் கிடைக்கும் வகையைத் தேர்வதும் மாற்று அட்டை ஒன்றை வைத்திருப்பதும் அறிவுடைமை.

வெப்பம் என்னும் பகை

தேர்ந்த அட்டையைப் பொருத்திவிட்டால் பணி முடிந்துவிடுவதில்லை. அட்டையின் செயலி உண்ணும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாக மாறுகிறது. கை நகத்தினும் சற்றே பெரிய சில்லில் பத்து வாட் அளவிலான வெப்பம் இடைவிடாது தோன்றுகிறது. அவ்வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடுவதற்காகச் சில்லின்மேல் வரிவரியான அலுமினியத் தகடுகள் கொண்ட வெப்பத்தணிப்பி பொருத்தப்பட்டுள்ளது. ஆனால், இவ்வட்டைகள் பலவற்றில் மின்விசிறி இருப்பதில்லை.

அதற்குக் காரணம் உண்டு. இவை நிறுவனங்களின் வழங்கிக் கணினிகளுக்காக வடிவமைக்கப்பட்டவை. அக்கணினிகளில் விசிறிகள் வரிசையாக நின்று, முன்புறக் காற்றை இழுத்துப் பின்புறமாக விசையுடன் தள்ளுகின்றன. பல அட்டைகளின் கையேடுகள் தம்மேல் நிமிடத்திற்கு 200 அடி வேகத்திலாவது காற்று வீச வேண்டும் என்று குறிப்பிடுகின்றன. அது வினாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர். ஒருவர் மெல்ல நடக்கும் வேகம். வீட்டிலோ சிறு அலுவலகத்திலோ உள்ள மேசைக்கணினிப் பெட்டியில் அந்த இளங்காற்றுகூட அட்டையைச் சென்று சேர்வதில்லை. வழங்கியில் பயன்படுத்தப்பட்ட பழைய அட்டையைக் குறைந்த விலைக்கு வாங்கிப் பொருத்துவோர் இதனைக் கருதத் தவறுகின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். காற்று அசையாத இடத்தில், ஒவ்வொரு வாட் வெப்பத்திற்கும் சில்லின் வெப்பநிலை 5 டிகிரி உயர்கிறது எனக் கொள்வோம். 12 வாட் அட்டையில் அது 60 டிகிரி உயரும். பெட்டிக்குள் காற்று 25 டிகிரியில் இருந்தால் சில்லு 85 டிகிரியை எட்டும். கோடையில் அக்காற்று 40 டிகிரியானால் 100 டிகிரியை எட்டும். காற்று வீசும்போது அவ்வுயர்வு வாட்டிற்கு 2 டிகிரியாகக் குறைந்தால், அதே கோடையிலும் சில்லு 64 டிகிரியிலேயே நிற்கும். அட்டை ஒன்றே, அறையும் ஒன்றே. வேறுபாடு காற்றோட்டத்தால் விளைந்தது.

மிகுவெப்பத்தில் அட்டை தடுமாறும். நலமான வட்டையும் பழுதானது எனக் கருதி அணியிலிருந்து நீக்கிவிடக் கூடும். ரெய்டு 5 அணியில் இவ்வாறு இரு வட்டுகள் நீங்கினால் அணியே நின்றுவிடும். பழுதான வட்டுக்கு மாற்றாகப் புதிய வட்டைப் பொருத்தித் தரவை மீட்டெழுதும்போது ஆபத்து மேலும் மிகும். 4 டெராபைட் வட்டை வினாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் ஏழு மணிநேரத்திற்கு மேலாகும். அந்நேரம் முழுவதும் எல்லா வட்டுகளும் அட்டையும் ஓய்வின்றி உழைக்கின்றன. காவல் மிகத் தேவைப்படும் வேளையிலேயே காவலன் மிகுதியாகச் சூடேறுகிறான். மின்கலத்தின் ஆயுளையும் வெப்பம் குறைத்துவிடுகிறது.

காற்றுக்கு வழி செய்தல்

முதலில் அட்டைக்குரிய இடத்தைத் தேர்தல் வேண்டும். வரைகலை அட்டை வெளிவிடும் வெப்பம் படாதவாறு இயன்றவரை விலகிய செருகுவாயில் பொருத்துவது நல்லது. பெட்டியின் முன்புறம் உள்ள விசிறி அட்டையை நோக்கிக் காற்றைச் செலுத்த வேண்டும். வெப்பத்தணிப்பியின் தகடுகள் எத்திசையில் அமைந்துள்ளனவோ அத்திசையிலேயே காற்று செல்வது சிறப்பு. வடக்கம்பிகளை ஒழுங்காகக் கட்டி ஒதுக்கினால் காற்றின் வழி தடைபடாது.

இவை போதாவிடின், 40 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு விசிறியை வெப்பத்தணிப்பியின்மேல் பொருத்தலாம். சிறு விசிறி போதிய காற்றைத் தர விரைந்து சுழல வேண்டும், ஓசையும் மிகும். அட்டைக்கு அருகே 80 அல்லது 120 மில்லிமீட்டர் விசிறியைத் தாங்கியில் பொருத்தினால், அது மெல்லச் சுழன்றே போதிய காற்றைத் தரும். எவ்விசிறியாயினும் அது நின்றுவிட்டால் எச்சரிக்கும் வகையில் தாய்ப்பலகையில் இணைப்பது பாதுகாப்பானது.

பழைய அட்டையாயின், சில்லுக்கும் வெப்பத்தணிப்பிக்கும் இடையில் உள்ள வெப்பக்கடத்துப் பசை காய்ந்திருக்கக் கூடும். அதனைத் துடைத்துப் புதுப்பசை இடுதல் வேண்டும். தூசு படிந்த தகடு வெப்பத்தை எளிதில் விடாது. ஆகவே, மின்னிணைப்பைத் துண்டித்தபின் தூசு நீக்குவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பல அட்டைகள் தம் வெப்பநிலையைத் தாமே அளந்து கூறும். மீட்டெழுதும் பணி நடைபெறும்போது அவ்வளவைப் பார்ப்பதே உண்மையான தேர்வாகும்.

காவலின் எல்லை

எவ்வளவு நல்ல அட்டையாயினும், எவ்வளவு குளிர்ந்த காற்றாயினும் ரெய்டின் காவலுக்கு ஓர் எல்லை உண்டு. அது வட்டின் பழுதிலிருந்து மட்டுமே காக்கும். தவறுதலாக அழித்த கோப்பை அது மீட்காது. எல்லா வட்டுகளிலும் ஒருசேர அழித்துவிடும். தீ, வெள்ளம், திருட்டு, தீங்கு செய்யும் மென்பொருள் ஆகியவற்றின்முன் அது நிற்காது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படி இல்லாதவை மீளவே இல்லை. ஆகவே, ரெய்டு இருப்பினும், வேறோர் இடத்தில் காப்புநகல் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

ஏட்டைக் காக்க நினைத்தோர் படியெடுத்ததோடு நிற்கவில்லை. எண்ணெய் பூசினர், கட்டி வைத்தனர், அவ்வப்போது பிரித்துப் பார்த்தனர். கருவி மாறியிருக்கிறது, கடமை மாறவில்லை. தேவையறிந்து அட்டையைத் தேர்வோம். அதற்குத் தண்காற்றை அளிப்போம். வேறிடத்தில் ஒரு படியையும் வைப்போம். நாளைய தலைமுறை படிக்கவேண்டியவை நம் கவனக்குறைவால் அழியாதிருக்கட்டும்.